மேல் படுக்கை

"எத்தனை பேரு போவீங்க தம்பி?" என்று மயில்சாமி கேட்டதும், "ரெண்டு பேருதானுங்க அண்ணா" என்று குழந்தைவேலு சொன்னதும், வண்டிக்குள் நின்றிருந்த சாந்தாமணிக்குத் தகரச் சுவரைத் தாண்டித் தெளிவாகக் கேட்டன. ஜன்னல் திரையை விலக்கிய கை விலக்கியபடியே நின்றுவிட்டது. ரெண்டு பேரா? சோறு வடிக்கும்போது மூன்று பேர், துணி மடிக்கும்போது மூன்று பேர், இன்று காலையில் தோசை ஊற்றும்போதுகூட மூன்று பேர். மிதுனை எங்கே விட்டார் இந்த மனிதர்? பெற்ற அப்பாவுக்கு ஒரே பிள்ளை கணக்கில் விட்டுப்போகுமா? வாய் தவறியிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். வாய் தவறுகிற ஆளா அவர்? லேத் பட்டறையில் முப்பது வருஷமாக நிற்கிறவர், மயிரிழை பிசகினால் கடைந்த இரும்பைத் தூக்கி மூலையில் எறிகிறவர், கல்யாண வீட்டில் பாயசம் எப்படி என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வார். தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். அதிலும் அந்தத் 'தானுங்க'. ஆள் குறைவாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அவள் திரையை விட்டாள். வெளியே இரண்டு ஆண்களும் பானெட்டைத் தூக்கி வைத்து அதற்குள் தலையை விட்டிருந்தார்கள். ஆயில் எப்போது மாற்றியது என்று குழந்தைவேலு கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கிற கேள்வியைப் பார், ஆயிலாம், ஒன்றுமே நடக்காதது போல.

உண்மையில் அங்கே ஒன்றும் நடக்கவும் இல்லை. சூலூர் தாண்டி ஒரு தென்னந்தோப்பு, ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வெயில், கொட்டகைக்கு அடியில் ஒரு பழைய பிக்கப் வண்டி, அதன் முதுகில் ஏற்றி வைத்த ஒரு சின்ன வீடு. புருஷனும் பெண்டாட்டியும் விலைக்குப் பார்க்க வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் உட்கார்ந்து பவுடர் போடுகிறதுதானே, உங்களுக்கு எதுக்குங்க அக்கா என்று பக்கத்து வீட்டு ரேணுகா காலையில் கேட்டாள். அவளிடம்தான் மிதுனை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கேரவன் இல்லை, இது வேறு, படுக்கை இருக்கும், அடுப்பு இருக்கும், எப்போதாவது வெளியூர் போனால் லாட்ஜுக்குப் போகாமல் இதிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று சாந்தாமணி விளக்கிச் சொன்னாள். இப்போது அந்தப் படுக்கையும் அடுப்பும் கண்ணெதிரே இருக்கின்றன. பின்கதவைத் திறந்தால் ஒரு பக்கம் அடுப்பு, எதிர்ப்பக்கம் கைகழுவும் தொட்டி, உள்ளே தள்ளி ரெக்சின் மெத்தை போட்ட கீழ்ப் படுக்கை, டிரைவர் தலைக்கு மேலே மாடம் போல ஒரு மேல் படுக்கை, அதற்கு ஏற ஒரு குட்டி ஏணி. அடைத்து வைத்த வாடை, கொஞ்சம் டீசல், கொஞ்சம் பாச்சை உருண்டை. மயில்சாமி லாரி வைத்து ஓட்டியவர். இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு, வயசான காலத்தில் பெண்டாட்டியோடு ஊர் சுற்றலாம் என்று இதைக் கட்டினாராம். "மொத தடவ, மேட்டுப்பாளையம் தாண்டலீங் அம்மணி, ஒரே வாந்தி. இந்த ஜென்மத்துல இதுல ஏற மாட்டேன்னு நடுரோட்டுல எறங்கி பஸ் புடிச்சு ஊடு வந்து சேர்ந்துட்டா. நான் மட்டும் தனியா இதுல போயி யாருகூடப் பேசறது?" என்று அவர் சொன்னபோது சாந்தாமணி வாய்விட்டுச் சிரித்தாள். அது கொஞ்ச நேரத்துக்கு முன்னால். ரெண்டு பேருதானுங்க என்பதற்கு முன்னால்.

இந்த வண்டி ஆசை யாரால் வந்தது? மிதுனால் வந்தது. அதை அவர் மறந்திருப்பாரா? ஏழெட்டு மாசத்துக்கு முன்னால் மூன்று பேருமாக மலைக்குப் போயிருந்தார்கள், லாட்ஜில் சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரம். புது அறை, புது வாசனை, மேலே சுற்றும்போது டக் டக்கென்று அடித்துக்கொள்ளும் மின்விசிறி. மிதுனுக்கு அது ஆகவில்லை. காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முதுகை மோதினான், பிறகு கத்த ஆரம்பித்தான். பேச்சு வராத பிள்ளை, கத்தலில்தான் எல்லாம் சொல்லவேண்டும், பசியும் பயமும் கோபமும் ஒரே கத்தல்தான், அதில் எது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். கதவு தட்டினார்கள். முதலில் லாட்ஜ் பையன், அப்புறம் மேனேஜர். அவர் மரியாதையாகத்தான் பேசினார், மற்ற ரூம்காரர்கள் குடும்பமாக வந்திருக்கிறார்கள் என்றார். அப்படியானால் நாங்கள் யார் என்று கேட்க அவளுக்கு நாக்கின் நுனி வரை வந்தது. பிரித்த பெட்டியைத் திரும்பக் கட்டினார்கள். காரில் ஏறி முதல் வளைவு திரும்பியதுமே மிதுன் அடங்கிவிட்டான், கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு ம்ம்ம் என்று ஒரே சுருதியில் முனகினான், அது அவனுடைய சந்தோஷம். ஓடுகிற வண்டி என்றால் அவனுக்கு உயிர். அப்போதுதான் குழந்தைவேலு சொன்னார், நமக்குன்னே ஒரு வண்டி வேணும் சாந்தா, வீடு மாதிரி, எவனும் வந்து கதவத் தட்டாத வண்டி. எவனும் கதவைத் தட்டாத வண்டி. அதைக் கேட்டு அவள் இருட்டில் அழுதது அவருக்குத் தெரியாது. மிதுன் முனகிக்கொண்டே வந்தான். ரெண்டு பேரா அன்றைக்கு அந்த வண்டியில் இருந்தோம்?

அதிலிருந்து ஃபோனும் கையுமாகத் திரிந்தார். புதிதாகக் கட்டுவதென்றால் வீட்டை விற்க வேண்டும், அதனால் செகண்ட் ஹேண்ட். ஈரோட்டில் ஒன்று பார்த்தார்கள், படத்தில் அரண்மனை, நேரில் போனால் உள்ளே கோழி அடைத்து வைத்திருந்தார்கள். திருப்பூரில் ஒன்று, ஐஸ்கிரீம் வண்டிக்குப் பெயின்ட் அடித்து ஜன்னல் வெட்டியது, ஆர்.சி.யில் இன்னமும் ஐஸ்கிரீம் வண்டிதான். பெங்களூர்க்காரன் ஒருவனுடையது தங்கமான வண்டி, பெரிய வேன், குளியலறைகூட உண்டு, விலையைக் கேட்டதும் இவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கேயாவது ஒரு வண்டி. முதலில் மூன்று பேரும் போனார்கள். பிறகு இவளும் அவரும் மட்டும். எப்போதிருந்து மட்டும்? யோசித்துப் பார்த்தால் இவள் மணிக்கட்டு முறிந்ததற்கு அப்புறம்தான்.

மணிக்கட்டை மிதுன் முறிக்கவில்லை. இதை அவள் டாக்டரிடமும் சொன்னாள், குழந்தைவேலுவிடமும் சொன்னாள், இப்போது ஆளில்லாத வண்டிக்குள் தனக்கே இன்னொரு தரம் சொல்லிக்கொண்டாள். தெருவில் மேளம் போனது, அவன் கேட்டை நோக்கி ஓடினான், இவள் குறுக்கே போய் நின்றாள், ஆறடிக்கு மேல் வளர்ந்த பிள்ளையின் குறுக்கே ஐந்தடிக்காரி போய் நின்றால் என்ன ஆகும்? துவைக்கிற கல்லில் விழுந்தாள். விழுந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் புடவைத் தலைப்பை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தான் மிதுன், கேட்டையும் மேளத்தையும் மறந்துவிட்டு. அதை யார் பார்த்தார்கள்? கட்டுப் போட்ட கையைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். நமக்கு அப்பறம் அவன் கதி என்ன என்று குழந்தைவேலு கேட்டார். அது அவள் தினம் தினம் கேட்டுக்கொள்கிற கேள்விதான், இன்னொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்துக்குப் போனார்கள். நல்ல இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. வேப்பமரம், சுத்தமான தரை. பார்த்துக்கொள்கிற அம்மாள் சிரித்த முகம். மொத மூணு மாசம் நீங்க பார்க்க வரக்கூடாதுங்கம்மா, அப்பத்தான் அவங்க எங்ககிட்ட ஒட்டுவாங்க, அதுக்கப்பறம் லீவு மாதிரி நாலு நாள் கூட்டிட்டுப் போகலாம் என்றாள். தீபாவளி கழித்துச் சேர்ப்பதாகப் பேச்சு. சரி என்று சாந்தாமணிதான் தலையாட்டினாள். அவர் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இவள் ஆட்டிய பிறகுதான் அவர் ஆட்டினார். அந்த நாலு நாளைப் பிடித்துக்கொண்டுதான் தலையாட்டினாள். நாலு நாளுக்கு வண்டியில் கூட்டிப்போவோம், அவன் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு வருவான், எங்கேயாவது மரத்தடியில் நிறுத்திச் சோறு பொங்குவோம், அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல். இந்த ஒரு நினைப்பில்தான் அவள் மூன்று வாரமாக எழுந்து பல் தேய்க்கிறாள். அதில்தான் இவர் இப்போது ஆயில் பார்த்துக்கொண்டே கையை வைத்துவிட்டார்.

கேட்டுவிட வேண்டும். இறங்கிப் போய், அந்தப் பெரியவர் முன்னாலேயே, யாருங்க அந்த ரெண்டு பேரு என்று கேட்டுவிட வேண்டும். மானம் போனால் போகட்டும். அவள் மிதுனை ஒளித்ததே இல்லை. கல்யாணம், காதுகுத்து, எழவு எதுவானாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் போனாள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று முன்வரிசையில் உட்கார வைத்தாள். பையன் என்ன பண்றான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னாள், அவர்கள் உச்சுக் கொட்டுவதற்குள் பேச்சை மாற்றினாள். அவளிடம் போய் இந்த வேலை. கோபத்தில் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை, நடக்கவோ அதற்குள் இடமில்லை. மூன்று எட்டு வைத்தால் அடுப்பு, திரும்பி மூன்று எட்டு வைத்தால் ஏணி. ஏணியில் ஏறினாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, கால் ஏறியது. மேல் படுக்கையில் உட்கார்ந்தால் தலை இடித்தது, அதனால் படுத்தாள். மெத்தை கல்லு மாதிரி இருக்குமென்று நினைத்தாள், இல்லை, பஞ்சை நன்றாகத்தான் அடைத்திருக்கிறார் மனிதர். அவள் உயரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. தலைமாட்டில் ஒரு சின்ன ஜன்னல், கொசுவலை அடித்தது, அதன் வழியாகத் தென்னை மட்டை ஆடுவது தெரிந்தது. மலையில் நிறுத்தினால் இதே ஜன்னலில் பனி வரும். கீழே அவர் டீ போடுவார், டீ மட்டும் அவருக்கு நன்றாக வரும், இஞ்சியைத் தட்டிப் போடுவார். வெளியே ஸ்டூலைப் போட்டு உட்காரலாம். சுடச்சுடக் குடிக்கலாம், ஆறிப்போய் மேலே ஆடை படர்ந்த டீயைத்தான் அவள் இத்தனை வருஷமும் குடித்திருக்கிறாள். ஒரு வாரப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கலாம், நடுவில் எழுந்து ஓட வேண்டாம், ஒரு காதை எப்போதும் பக்கத்து அறையில் வைத்திருக்க வேண்டாம். அவர் ஏதாவது சொல்வார், இவள் ஏதாவது சொல்வாள், பட்டறையைப் பற்றி, சொந்தக்காரர்களைப் பற்றி, யாருக்கும் உதவாத பேச்சு. இருட்டிய பிறகு கதவைச் சாத்தினால் சத்தமே இருக்காது. விடிகிற வரைக்கும் சத்தமே இருக்காது. அந்தச் சத்தமில்லாமையை நினைத்ததும் அவள் உடம்பு தானாகத் தளர்ந்து மெத்தையில் அமிழ்ந்தது, முறிந்த மணிக்கட்டுகூட வலியை விட்டது, கண் செருகியது. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தாள். அப்போதுதான் தெரிந்தது.

மிதுன் இல்லை. மலையில் இல்லை. மரத்தடியில் தேடினாள், ஜன்னலில் தேடினாள், கீழ்ப் படுக்கையில் தேடினாள். தன் நினைப்புக்குள்ளேயே பதறிப்போய், திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவள் மாதிரி தேடினாள், எங்கேயும் இல்லை. அவள் அவனை அங்கே கூட்டிக்கொண்டே போகவில்லை. இரண்டு ஸ்டூல் போட்டிருந்தாள், இரண்டு டம்ளர் வைத்திருந்தாள். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் பக்கத்தில் இல்லை, தானாக, ஆசையாக, அவளேதான் வைத்தாள். அதிலே ஒரு குறையும் தெரியவில்லையே, அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அழுகைகூட வரவில்லை. அழுதால் கொஞ்சம் பெற்றவள் மாதிரி இருந்திருக்கும். அவசரமாக இப்போது அவனைக் கொண்டுவந்து மரத்தடியில் உட்கார வைக்கப் பார்த்தாள், கண்ணாடியில் அவன் கையைப் பதிய வைத்துப் பார்த்தாள், ம்ம்ம் என்று முனக வைத்தாள். வந்தான். ஆனால் கூப்பிட்டதால் வந்தவனாக, விருந்தாளி மாதிரி, ஓரத்தில் நின்றான். சாமி, நான் என்ன பொம்பளை என்று அவள் தகரக் கூரையைப் பார்த்துக் கேட்டாள்.

பின்கதவு திறந்தது. குழந்தைவேலு கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். கையில் மடித்த நோட்டுகள்.

"எறங்கி வா சாந்தா. வண்டி சுத்தமா இருக்குது. இன்னும் செத்த நேரத்துல ராகு காலம் வந்துரும், அதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்தரலாம். உன் கையால குடு."

எது வாங்கினாலும் அவள் கையால்தான் முதல் பணம் போகவேண்டும் அவருக்கு. பட்டறையில் முதல் லேத்துக்கும் அப்படித்தான், ஸ்கூட்டருக்கும் அப்படித்தான். அவள் தராமல் அவர் எதையும் வாங்கியதில்லை. வேண்டாம் என்று நினைத்தால் கையை நீட்டாமல் இருந்தால் போதும். அவள் ஏணியில் இறங்கி வந்தாள். நோட்டை வாங்கவில்லை.

"ரெண்டு பேருன்னு சொன்னீங்களே, கேட்டுச்சு."

அவர் முகம் அப்படியே இருந்தது. மயில்சாமி நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அவன் தூங்கறப்ப டேப் வெச்சு அளந்தேன் சாந்தா. பாத்த வண்டி அத்தனையிலயும் மொதல்ல அவன் படுக்கற எடத்தத்தான் அளந்தேன், இஞ்சின் கிஞ்சின் எல்லாம் அப்பறந்தான். இதுல எந்தப் பக்கம் போட்டாலும் அஞ்சரை அடிக்கு மேல வரல. அவன் காலு சுவத்துல பட்டா என்ன பண்ணுவான்னு உனக்குத் தெரியாதா? வீட்டுல கட்டில எதுக்கு ரூம்பு நடுவுல போட்டிருக்கோம்? அவன் ஒதைக்கற ஒதைக்கு இந்தத் தகரம் தாங்குமா?"

"பெரிய வண்டி..."

"அவன் படுக்கற வண்டி நம்மளால வாங்க முடியாது. நம்மளால வாங்க முடியற வண்டில அவன் படுக்க முடியாது. ஆறு மாசமா இதத்தான் பாத்துட்டிருக்கறேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அப்பறம் இது எதுக்குங்க?"

அளந்து பேசுகிற மனிதருக்கு வார்த்தை அளவுக்கு வரவில்லை. "நீ ஒரு நாளு முழுசாத் தூங்கி நான் பாத்ததில்ல" என்றார். "எங்கயாச்சும் கொண்டுபோயி உன்னத் தூங்க வெக்கோணும், அவ்வளவுதான். வேண்டாம்னா சொல்லு, இப்பவே போயிரலாம். உம்மேல சத்தியமா ஒரு வார்த்த சொல்லமாட்டேன்."

சொல்லலாம். வேண்டாம் என்று ஒரே சொல், வாயைத் திறந்தால் வந்துவிடும். அவர் தலையாட்டிவிட்டு நோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், போகிற வழியில் இவளுக்கு இளநீர் வாங்கித் தருவார். இவ்வளவு நேரம் மனசுக்குள் இவரைப் பிடித்து நார் நாராகக் கிழித்தாளே, இவர் பாவம், டேப்பை எடுத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் குனிந்து நின்றிருக்கிறார். இவர் அளந்து பார்த்து, முடியாமல்தான் ரெண்டு என்றார். நான் அளக்கவே இல்லையே. மெத்தையில் முதுகு பட்டதுமே விட்டுவிட்டேனே. இதைச் சொல்லவேண்டும் இவரிடம். எப்படிச் சொல்வது? இந்த உலகத்தில் யாருக்குமே தெரியாது, மிதுனுக்கும் தெரியாது, அவனுக்குத் தெரியப்போவதும் இல்லை. வெளியே மயில்சாமி தொண்டையைச் செருமினார், ராகு காலம் அவருக்கும் உண்டு. சாந்தாமணி கையை நீட்டினாள். நோட்டை வாங்கும்போது மணிக்கட்டில் பழையபடி வலி இருந்தது.

மயில்சாமி துண்டைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்ல கையில போகுதுங், எனக்கு மனசு ஆறிப்போச்சு. அம்மணிக்கு வாந்தி கீந்தி வராதுங்களே?" என்றார். வராதுங்க என்றாள். அவர் மனைவி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வண்டியைப் பார்க்காமலேயே போய்விட்டாள். மோரைக் குடித்துக்கொண்டிருக்கும்போது, சாவகாசமாக, எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற மாதிரி மயில்சாமி கேட்டார்.

"கொழந்தைங்க எத்தனைங் அம்மணி?"

"ஒரு பையனுங்க."

"என்ன பண்றாப்ல?"

குழந்தைவேலு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஏற்கெனவே பார்த்த டயரை மறுபடியும் பார்த்தார். பதில் எப்போதும் போல அவளுடையதுதான் என்று அவருக்குத் தெரியும். பெரியவர் நல்ல மனிதர், உச்சுக் கொட்டமாட்டார், உள்ளதைச் சொன்னால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாமி இருக்குதுங் என்பார். சாந்தாமணி டம்ளரில் மிச்சமிருந்த மோரைக் குடித்து முடித்தாள்.

"ஹாஸ்டல்ல இருக்கறானுங்க" என்றாள்.

"நல்லதுங்" என்றார் மயில்சாமி.

குழந்தைவேலு டயரிலிருந்து நிமிரவில்லை. மிதுன் அந்நேரம் வீட்டில், ரேணுகாவின் பக்கத்தில், கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.